ஒரு பெயரைத் தவிர

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்குக் காப்பீட்டு நிறுவனம் எனக்கு அநீதி இழைத்தது. விபத்தில் உடைந்த என் காரின் முன்பக்கத்துக்கு நான் கோரிய இழப்பீட்டில், பிளாஸ்டிக்கால் ஆன உறுப்புகள் அனைத்துக்கும் சரிபாதியைக் குறைத்துவிட்டதாக அஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. பம்பர் பிளாஸ்டிக், விளக்கின் கூடு பிளாஸ்டிக், சக்கரத்துக்கு மேலிருக்கும் உட்கவசமும் பிளாஸ்டிக். நான்காண்டுகள் ஓடிய காரின் பிளாஸ்டிக் தன் மதிப்பில் பாதியை இழந்துவிடுமாம். எந்த விதிப்படி இதை முடிவு செய்தார்கள், முடிவு செய்தவர் யார், இதை எனக்கு ஏன் முன்னரே தெரிவிக்கவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் அக்கடிதத்தில் விடை இல்லை. கீழே ஒரு கையொப்பம் இருந்தது. ஒப்பமிட்டவரின் பெயர் இல்லை. பெயர் சொல்ல அஞ்சுகிறவன் கையொப்பமிடக் கூடாது என்று என் மனைவி அமலராணியிடம் உரக்கச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மீண்டும் கீரையைப் பார்த்தாள்.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றியவன். ஆவூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பட்டா மாறுதலோ, முதியோர் உதவித்தொகையோ, சாய்ந்த மின்கம்பத்தை மாற்றக் கோருவதோ, எந்த மனுவானாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். லூர்துநாதன் வாத்தியார் எழுதிய மனு திரும்பி வராது என்றொரு பேச்சு உண்டு. அது முழு உண்மையன்று. இரண்டு திரும்பி வந்திருக்கின்றன. ஆயினும் பிறருக்காக அத்தனை எழுதியவன் தனக்காக ஒன்று எழுதிக்கொள்ள மாட்டானா? காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு அன்றே முறையீடு அனுப்புவதென முடிவு செய்து, இணைக்க வேண்டிய படிகளை எடுப்பதற்காகக் கோப்பைத் திறந்தேன். முதல் தாள், காப்பீட்டுச் சான்று. இரண்டாம் தாள், விபத்தின்போது காரை ஓட்டியவரின் வாக்குமூலம்.

அதை நான் படித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அதில் இருந்தவை நான்கே வாக்கியங்கள்: "2025 ஜூன் 11ஆம் நாள், புதன்கிழமை, காலை பத்தேகால் மணியளவில், கீரனூர் செல்லும் சாலையில் மேற்படி காரை நான் ஓட்டிச் சென்றேன். சாலையின் இடப்புறத்தில் கட்டப்பட்டிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையைப் படித்தவாறு ஓட்டியதால், எனக்கு முன்னே இடப்புறமாகச் சென்றுகொண்டிருந்த மொபெட்டை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறினேன். பிரேக்கை மிதிப்பதற்குள் காரின் இடப்பக்க முனை அம்மொபெட்டின்மீது மோதியது. மொபெட்டை ஓட்டியவர்மீது எத்தவறும் இல்லை." கீழே, உதயசூரியன் என்று ஒப்பம்.

எழுதிய கை உதயசூரியனுடையது. வாக்கியங்கள் என்னுடையவை. காரை ஓட்டியவனும் நானே.

அன்று கீரனூர்ச் சார்நிலைக் கருவூலத்தில் எனக்கு ஓய்வூதியர் நேர்காணல். நான் உயிரோடிருக்கிறேன் என்பதை ஆண்டுக்கொருமுறை நேரில் சென்று மெய்ப்பிக்க வேண்டும். அதில் ஒருநாளும் நான் காலம் தாழ்த்தியதில்லை. ஆனால் என் ஓட்டுநர் உரிமம் பிப்ரவரி மாதமே காலாவதியாகியிருந்தது. பங்குத்தந்தை மந்திரித்த கார், கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை, பக்கத்தில் அமலராணி, பழகிய சாலை. உரிமத்தைப் பற்றிய நினைவு வரும்போதெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே எனக்குத் தவணை கொடுத்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, வண்டி!" என்று அவள் அலறியது காதில் விழுந்தபோது மொபெட் காருக்கு முன்னே இல்லை, வாய்க்காலில் கிடந்தது. கத்தரிக்காய்கள் தார்ச்சாலையெங்கும் உருண்டுகொண்டிருந்தன. செல்லமுத்து வலக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தைக்குக் காய் கொண்டுபோகும் மனிதர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "ஆத்தாடி, வாத்தியாரய்யாவா?" என்றார்.

ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு சார்லஸ் வந்தான். எங்கள் பங்குக் கோயிலில் பாடற்குழுவில் பாடுகிறவன். எனக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்த முகவரும் அவனே. உடைந்த விளக்கைக் குனிந்து பார்த்தான். பிறகு, "லைசென்ஸை எடுங்க சார்," என்றான்.

"பிப்ரவரியோட முடிஞ்சுபோச்சு."

"சோலி முடிஞ்சுச்சு போங்க." தலையில் கை வைத்துக்கொண்டான். "லைசென்ஸ் இல்லாம ஓட்டுனா கம்பெனிக்காரன் ஒண்ணும் தர மாட்டான் சார். அந்தாளு காலுக்கும் கடைசியில ஒங்க தலையிலதான் விழும். லைசென்ஸ் உள்ள ஆளு யாராச்சும் ஓட்டுனதாப் போட்டுருவோம்."

"என்னையப் பொய் எழுதச் சொல்றியா?"

"பொய்யில்ல சார், அட்ஜஸ்ட்மெண்டு. ஊரு ஒலகம் பூராம் செய்யிறதுதான். ஆடு குறுக்க வந்துச்சு, ஒடிச்சேன், வண்டி மேல பட்டுருச்சுன்னு முடிச்சுருங்க. ஆட்டுக்கு எவனும் சம்மன் அனுப்ப மாட்டான்."

நான் சினந்தேன். இல்லாத ஆட்டை வரவழைக்க என் பேனா இணங்காது என்றேன். பெயரை வேண்டுமானால் மாற்றுகிறேன். நடந்ததை மாற்ற மாட்டேன் என்றேன். அவ்வாறு சொன்னபோது நான் நேர்மையானவன் என்றே உறுதியாக நம்பினேன். ஒரு பெயரைத் தவிர மற்ற அனைத்தும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன். அன்று மாலையே வாக்குமூலத்தை எழுதினேன். எந்தத் தவறால் விபத்து நேர்ந்ததோ அந்தத் தவறை ஒளிக்காமல் எழுதினேன். செல்லமுத்துவின்மீது பழி விழக் கூடாதென்று கடைசி வாக்கியத்தையும் சேர்த்தேன். எழுதி முடித்து இருமுறை படித்தேன். நிறைவாக இருந்தது.

உதயசூரியன் பக்கத்து ஊர்க்காரன். முப்பத்துநான்கு வயது. திருச்சிக்கோ மதுரைக்கோ போக வேண்டுமானால் நாங்கள் அவனைத்தான் நாட்கூலிக்கு அழைப்போம். ஹாரன் அடிக்கவே யோசிக்கிற ஓட்டுநர். மாடு படுத்திருந்தால் இறங்கிப்போய் எழுப்பிவிட்டு வந்து காரை எடுப்பான். விவரத்தைச் சொன்னதும், "நீங்க சொன்னாச் சரி சார், போட்டுக்கங்க," என்றான். என் வாசகத்தை எழுத்துப் பிசகாமல் தன் கையால் படியெடுத்தான். பதாகை பற்றிய வாக்கியம் வந்தபோது பேனாவை நிறுத்தினான்.

"போர்டைப் படிச்சுக்கிட்டு நான் ஓட்ட மாட்டேனே சார்?" என்று சிரித்தான்.

"நடந்தது அதுதானப்பா. அதை மாத்த வேணாம்."

எழுதினான். ஒப்பமிட்ட பிறகு, பேனாவை மூடியவாறே, "அறந்தாங்கி ஏஜென்டு மூலமா கத்தாருக்கு எழுதிப் போட்டிருக்கேன் சார். டிரைவர் விசா. இதுனால அதுக்கு ஒண்ணும் வந்துறாதுல்ல?" என்று கேட்டான்.

"வராது," என்றேன்.

எனக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல் என்று எத்தனை மாணவர்களை நிற்கவைத்துக் கண்டித்திருக்கிறேன்! அன்று அந்த ஒரு சொல் எவ்விதத் தடையுமின்றி என் வாயிலிருந்து வந்தது.

எலும்பு முறிவு என்பதால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போயிற்று. இழப்பீட்டு வழக்குப் போடச் செல்லமுத்துவுக்கும் முதல் தகவல் அறிக்கை வேண்டியிருந்தது. சார்லஸ் கொடுத்த தாள்களோடு வாக்குமூலத்தின் படியும் அங்கே சென்றது. அதைப் படித்த ஏட்டையா, "ஓட்டுனவனே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டான். நமக்கு வேலை மிச்சம்," என்று சொன்னாராம். கவனக்குறைவாக வாகனம் ஓட்டிக் கொடுங்காயம் விளைவித்ததாக உதயசூரியன்மீது வழக்குப் பதிவாயிற்று. செய்தியைச் சொன்ன சார்லஸ், "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல சார், ஆடுன்னு எழுதுங்கன்னு," என்றான். ஆடு என்று எழுதியிருந்தால் வழக்கு வலுவிழந்திருக்கும். நான் உண்மை எழுதியதால் உதயசூரியன் சிக்கினான். நான் செய்த குற்றத்தை ஓரெழுத்தும் குறையாமல், எவரும் ஐயுறாத வகையில், இன்னொருவன் ஏற்கும்படி எழுதி வைத்திருந்தேன்.

ஜூலையில் செல்லமுத்துவைப் பார்க்கப் போனேன். ஆப்பிளும் ஆர்லிக்சும் வாங்கிப் போயிருந்தேன். வலக்காலில் கம்பி வைத்திருந்தார்கள். நாற்காலியைத் துடைத்துப் போடும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு, நான் அமரும்வரை காத்திருந்தார். "ஓட்டுனது நீங்கதான்னு எனக்குத் தெரியுமுங்க. விழுந்தவனுக்குக் கண்ணு இருக்குல்ல? சார்லஸ் தம்பி வந்து எல்லாம் வெவரமாச் சொல்லிட்டாரு. லைசென்ஸ் உள்ளவன் பேரு இருந்தாத்தான் கேஸு நிக்குமாம். நிக்கட்டும் வாத்தியாரய்யா. காலுதான் நிக்க மாட்டேங்குது," என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன்பின் அவர் ஒரு நொடி சிரிப்பை நிறுத்தி, "அந்தப் பயதான் பாவம்," என்றார். நான் ஆர்லிக்ஸ் புட்டியின் மூடியில் அச்சிட்டிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் அந்த இரண்டாம் தாளில் இருந்தன. எனினும் செவ்வாய்க்கிழமை முற்பகலில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிளாஸ்டிக் பம்பரின் மதிப்புக் குறைப்பைக் கண்டித்து இரண்டு பக்கங்கள் எழுதினேன். நாற்பது நிமிடங்களில் முடிந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு உதயசூரியன் வந்தான். வாசல் கதவைத் தட்டவில்லை. வெளியில் நிழலாடுவதைப் பார்த்துச் சன்னலுக்கு வந்தேன். தோளில் கிடந்த துண்டால் காரின் முன்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "வெள்ளை ஒட்டல சார்," என்றான். "கம்பெனி பெயிண்டு வேற, இவங்க அடிச்சது வேற. நெழல்ல தெரியாது, வெயில்ல பாருங்க, பம்பர் மட்டும் தனியாத் தெரியுது."

உள்ளே வந்து அமர்ந்தான். அமலராணி காபி கொண்டுவந்து கொடுத்தாள். கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்முன் வைத்தான். கத்தாருக்குப் போகக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டும். வழக்கு நிலுவையில் இருப்பதால் சான்று வழங்க இயலாதென்று அதில் இருந்தது.

"மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பேன்னுட்டாரு ஏஜென்டு. அதுக்கப்புறம் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். அவரு மேலயும் தப்பு இல்ல சார். டிரைவர் வேலைக்குப் போறவன் மேல ஆக்சிடென்ட் கேஸ் இருந்தா எவன் எடுப்பான்?" காபியை ஆற்றினான். "ஒரு மனு எழுதிக் குடுங்க சார். நீங்க எழுதுனா திருப்பி அனுப்ப மாட்டாங்க."

"என்னன்னு எழுதுறது?"

"நான் ஓட்டலைன்னு மட்டும் எழுதிறாதீங்க. அப்புறம் ஒங்களுக்கு வம்பு. செல்லமுத்து அண்ணன் கேஸும் இழுத்துக்கிட்டுக் கெடக்கும். வேற மாதிரி எழுதுங்க சார். ஒங்களுக்குத் தெரியாததா?"

அவன் என்மீது குற்றம் சாட்டியிருந்தால் நான் வாதிட்டிருப்பேன். அவன் குரல் உயர்ந்திருந்தால் என் குரலும் உயர்ந்திருக்கும். அவனோ என்னை எந்தத் தீங்கும் அணுகாத ஒரு வழியைக் கண்டுபிடித்துத் தரும்படி என்னிடமே வேண்டினான். அந்த வழி எனக்குத் தெரியும் என்று நம்பினான். நான் வெள்ளைத் தாளை எடுத்து, பெறுநர் முகவரியை எழுதினேன். அனுப்புநர் இடத்தில் அவன் பெயரை எழுதினேன். 'ஐயா' என்று தொடங்கி, அடுத்த வரியில் 'நான்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. ஜூன் மாதமும் அவனுக்காக இதே சொல்லைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

"நாளைக்கு வாப்பா. யோசிச்சு எழுதணும்," என்றேன்.

"ஒண்ணும் அவசரமில்ல சார், மெதுவா எழுதுங்க," என்றான். மாத முடிவுக்குப் பதினேழு நாட்கள் இருந்தன.

அவன் போனபின் அமலராணி காபி டம்ளரை எடுக்க வந்தாள். எடுக்காமல் எதிரில் அமர்ந்தாள்.

"ஒரு பேரைத்தான மாத்துனேன்னு அன்னைக்குச் சொன்னீங்க. அவன்கிட்ட வீடு வாசலா இருக்கு? அந்த ஒரு பேருதான இருந்துச்சு."

"சார்லஸ் பேச்சைக் கேட்டது தப்புதான்."

"சார்லஸை விடுங்க. அந்த போர்டுல யாரு பேரு போட்டிருந்துச்சு?"

நான் மேசைமேல் இருந்த தாளைத் திருப்பி வைத்தேன்.

"ஊருல பெரிய மனுசரும் இல்ல, நம்ம பங்குக் கோயில் ஆளும் இல்ல. நமக்குத் தெரியாத யாரோ ஒரு அம்மா. பேரு பூவாயி. நான் ஒக்காந்த எடத்துலேருந்தே ஒரு பார்வையில படிச்சுட்டேன். நீங்க ஏன் அம்புட்டு நேரம் பாத்துக்கிட்டே வந்தீங்க?"

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விடை அவளுக்குத் தெரியும். ஜனவரி மாதமே அவள் என்னைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தாள். இடக்கண்ணில் புரை முற்றியிருக்கிறது, அறுவை செய்துகொள்ளுங்கள், அதுவரை கார் ஓட்ட வேண்டாம் என்று அவர் சொன்னார். உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். சான்றுக்குப் போனால் கண்ணைச் சோதிப்பார்கள். ஆகவே நான் போகவில்லை. மறதியன்று, சோம்பலுமன்று. கண் மங்கிவிட்டது என்று ஒரு தாளில் எழுதப்படுவதை நான் விரும்பவில்லை. அன்று அந்தப் பதாகையில் எழுத்துகள் இருப்பது தெரிந்தது. எந்த எழுத்து என்பது தெரியவில்லை. படிக்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், படித்துவிடுவேன் என்ற பிடிவாதத்தோடு பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அதே இடப்புறத்தில், அதே மங்கலுக்குள் செல்லமுத்து போய்க்கொண்டிருந்தார். பதாகையைப் படித்தவாறு ஓட்டினேன் என்று எழுதியதும் பொய். நான் அதைப் படிக்கவே இல்லை. ஒரு பெயரைத் தவிர மற்றவை உண்மை என்று நான்கு மாதங்களாக எனக்கு நானே சொல்லிவந்தேன், அதுவும் பொய்.

புதன்கிழமை காலை அஞ்சல் நிலையத்துக்குப் போய், பம்பர் பற்றிய முறையீட்டைப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். ஆம், அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, உதயசூரியனின் பெயர் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் அனுப்புநர் இடத்தில் என் பெயரை எழுதினேன். 'அன்று காரை ஓட்டியவன் நான்' என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் எழுதவில்லை, ஒப்பமிடவும் இல்லை. அத்தாளை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். செல்லமுத்துவின் வழக்கு என்னாகும் என்று ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன். அவருக்காகத்தான் தயங்குகிறேன் என்று இன்னொருமுறை நினைத்துக்கொள்கிறேன். இரண்டாவதை நினைக்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. புதனும் வியாழனும் வெள்ளியும் அவன் வந்தான். ஒவ்வொரு நாளும் நாளைக்கு வரச் சொன்னேன். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அவன் வெளியில்தான் நிற்கிறான். மூன்று மணி வெயில் காரின் முகத்தில் விழுகிறது. பம்பர் மட்டும் வேறு வெள்ளையாகத் தெரிகிறது. அவன் குனிந்து, புதிய விளக்கின் கண்ணாடியில் வாயால் ஊதி, துண்டின் முனையால் வட்டமாகத் துடைக்கிறான். சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறான். மீண்டும் குனிந்து துடைக்கிறான். சன்னலில் என்னைக் கண்டு கையை உயர்த்துகிறான்.

இதைப் படித்து முடித்த உங்களிடம் நான் அறிவுரை கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலோ, கீரனூர்ப் பேருந்து நிறுத்தத்திலோ என்னைக் காண நேர்ந்தால் எனக்கு வணக்கம் சொல்லாதீர்கள். நலமா என்றும் கேட்காதீர்கள். பக்கத்தில் நான்கு பேர் நிற்கும்போது, அவர்கள் காதில் விழும்படி, "ஜூன் பதினொன்றாம் தேதி அந்தக் காரை ஓட்டியது யார்?" என்று கேளுங்கள். நான் விடை சொல்லும்வரை வழி விடாதீர்கள்.